பச்சைக்கல் காட்டிய சர்வர் ஊர்

பசுமைக் குரு வருகிறார் என்றதும் ஹோட்டல் அரங்கில் நாற்காலி பற்றவில்லை. பெரிய பெரிய முதலாளிகள் சுவரோரம் சாய்ந்து நின்றார்கள். வீட்டுக்குத் திரைச்சீலை வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்கி, துணியைக் கசக்கிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்கிற ஆட்கள்தான். குரு என்றதும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

குருவின் வித்தை இதுதான். கம்பெனிகளின் மென்பொருளெல்லாம் இப்போது கிளவுடில் ஓடுகிறது. அது ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. எங்கேயோ ஓர் ஊரில், கரண்ட்டைக் குடித்துச் சூடேறிக் கிடக்கும் சர்வர் என்கிற கம்ப்யூட்டர்களை அடைத்து வைத்த கட்டடம். எந்த ஊர்க் கட்டடத்தில் இடம் பிடித்தால் பூமிக்குக் கெடுதல் குறையும்? குருவின் பச்சைக்கல் சொல்லும். உலக வரைபடத்தை மேஜையில் விரித்து, பச்சைப் பட்டால் மூடுவார்கள். கண்பட்டால் வரைபடம் கெட்டுவிடுமாம். குரு கண்களை மூடி, நூலில் கட்டிய கல்லை அதன்மேல் தொங்கவிடுவார். மின்சாரம் சுத்தமாக இருக்கும் ஊரில் கல் தானாகச் சுற்றும். யார் வந்து கேட்டாலும் அது ஒரே ஊரில்தான் சுற்றியது. இரண்டு கடல் தாண்டிய ஒரு மூலை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றார்கள் பக்தர்கள்.

ஆம்புலன்ஸ் கம்பெனி அண்ணன் அந்தப் பக்தர்களில் ஒருவர். விபத்து நடந்த இடத்துக்கு எந்த வண்டி பக்கமோ அதை அனுப்பி வழிகாட்டும் மென்பொருள் அவருடையது. மிஷின்களைப் பார்த்துக்கொள்வது தங்கை. அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்கு நரை விழ ஆரம்பித்துவிட்டது.

முந்தின நாளே பாப்பா மென்பொருளின் நகல் ஒன்றை அந்த மூலை ஊரில் ஓடவிட்டு, ஒரு டிரைவரிடம் கொடுத்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"வண்டி திரும்பினதுக்கு அப்புறம் 'திரும்பு'ன்னு சொல்லுதும்மா. எங்க மாமியார் யோசனை சொல்ற மாதிரி."

ஒவ்வொரு கேள்வியும் இரண்டு கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். வண்டிக்குள் ஒருத்தர் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பார். அவர் காத்திருக்க மாட்டார்.

சரி, மின்சாரமாவது சுத்தமா? அந்த ஊர் மின்வாரியம் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்த கணக்கைப் பார்த்தாள். முக்கால்வாசி நிலக்கரி. காற்றாலை இருந்தது, வேறொரு நாட்டில். அதற்கான சான்றிதழை விலைக்கு வாங்கி வாசலில் மாட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் குளித்ததற்கு ரசீது வாங்கி வைத்துக்கொண்டு 'நான் சுத்தம்' என்பது மாதிரி.

மறுநாள் அரங்குக்கு வரும் வழியில் அண்ணனிடம் சொன்னாள்.

"நீ சும்மா இரு பாப்பா. உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? குருஜி கல்லு பொய் சொல்லாது. இன்னைக்குக் கையெழுத்துப் போடறோம், மாத்தறோம்."

அரங்கில் ஆம்புலன்ஸ் கம்பெனியின் முறை வந்தது. பாப்பா எழுந்தாள். "குருஜி, ஒரு ஆசை. இன்னைக்கு வரைபடத்தை நானே விரிச்சு மூடட்டுமா?"

"தாராளமாக, மகளே." குரு கண்களை மூடிக்கொண்டார்.

விரித்தாள், மூடினாள். கல் வழக்கமான இடத்துக்கு வந்து, வழக்கம்போலச் சுற்றியது. பாப்பா பட்டை விலக்கினாள். வரைபடம் தலைகீழாகக் கிடந்தது. கல் நடுக்கடலில் நின்றது.

குருவுக்கு வியர்க்கவில்லை. "கடலடி. இயற்கையே குளிரூட்டும் இடம். கல் இன்று வருங்காலத்தைக் காட்டுகிறது."

அரங்கமே கைதட்டியது. ஜவுளிக் கம்பெனி முதலாளி கை உயர்த்தினார். "கடலுக்கு அடியில முன்பதிவு எப்போ ஆரம்பம் குருஜி?"

பாப்பாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அண்ணன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

"நிலத்துல ஒரு இடம் சொல்லிடுங்க குருஜி. எங்க வண்டியெல்லாம் நிலத்துலதான் ஓடுது" என்று குறுக்கே புகுந்தாள். குரு மறுபடி கண்மூட, எல்லோரும் அவர் முகத்தையே பார்த்திருக்க, பாப்பா பின்சுவரில் தொங்கிய ஒரு பெரிய தாளைக் கழற்றி வந்து விரித்தாள். மூடினாள். கல் அதே இடத்தில், அதே வேகத்தில் சுற்றியது.

"கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்."

"ஆஹா. இங்கே தண்ணீர் ஓயாமல் ஓடுகிறது. குளுமை. வந்தவர்கள் பாரம் இறக்கி நிம்மதியாகத் திரும்பும் இடம்."

"எங்க மிஷினை அங்கயே வெச்சிடலாமா?"

"யோசிக்காமல் வை."

பட்டை விலக்கினாள். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று காட்டும் ஹோட்டலின் படம். கல் நின்றது ஆண்கள் கழிப்பறைமேல்.

"ஒரு வார்த்தைகூடத் தப்பா சொல்லலியே" என்றார் ஜவுளிக்காரர். அப்புறம்தான் சிரிப்பு கிளம்பியது.

அண்ணன் சிரிக்கவில்லை. இத்தனை நாள் தூங்கிக்கிடந்த வியாபாரி அவருக்குள் விழித்துக்கொண்டார். "குருஜி, அந்த மூலை ஊர்க் கட்டடம் யாருது?"

"அது... என் மச்சானுடையது. ஆனால் கல்லுக்கு அது தெரியாது."

"கல்லுக்குத் தெரியாது. அதைப் பிடிச்சிருக்கிற கைக்குத் தெரியுமே" என்றாள் பாப்பா.

குரு கல்லைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, படத்தில் அம்புக்குறி காட்டிய வழியாகவே வெளியேறினார். அன்று அந்த மேஜையில் விரித்தவற்றில் உருப்படியாக வழி காட்டியது அது ஒன்றுதான்.

"சரி பாப்பா, எங்கதான் வைக்கிறது?" அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"கடலுக்கு இந்தப் பக்கமே, அணை மின்சாரத்துல ஓடற ஊர் ஒண்ணு இருக்கு. நம்ம வேலை நடக்கிற நேரத்துல அங்க என்ன எரியுதுன்னு பார்த்துட்டேன். கட்டடத்தைக் குளிர வைக்க எவ்வளவு கரண்ட் தின்னுதுன்னும் கேட்டுட்டேன். வண்டியில போட்டு ஓட்டிப் பார்க்கணும். சரியா வரலன்னா வேற ஊர். அதுக்கு முன்னாடி, யாருமே தொடாம பாதி மிஷின் சும்மா ஓடிட்டிருக்கு. அதை நிறுத்தணும்."

"சும்மா ஓடுதா? யார் போட்டது?"

"நீதான். ஒவ்வொரு குரு வந்துட்டுப் போனதுக்கும் ஒண்ணு."

ஜவுளிக்காரர் மட்டும் அந்தப் பச்சைக்கல் விலைக்குக் கிடைக்குமா என்று வாசலில் விசாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ஒரு சேதி: கழுத்துக்கு மேலே ஒரு மிஷின் இருக்கிறது. வாடகை கிடையாது, கரண்ட் கிடையாது, புகையும் கிடையாது. வாங்கி வந்ததிலிருந்து பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறீர்கள். ஒருதரம் ஓட்டித்தான் பாருங்களேன்.