வீட்ல கண்டுபிடித்த மூட்டைப்பூச்சி

அறிவியல் வரலாற்றில் பெண்களுக்கு இத்தனை காலமாக இழைக்கப்பட்டு வந்த அநீதி, வருகிற வெள்ளிக்கிழமை மாலையோடு முடிவுக்கு வருகிறது. உலகத்தார் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த அறிவிப்பை வெளியிட்டவர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை மேனேஜர். வெளியிட்ட இடம் அவர் வீட்டு வாஷ்பேசின். வாய் நிறையப் பற்பசை நுரை இருந்ததால், அநீதி என்ற சொல் வெளியே வரும்போது பாதி கரைந்துபோயிருந்தது.

"கொப்புளிச்சிட்டுச் சொல்லுங்கப்பா" என்றாள் மகள். அவள் பல் டாக்டர்.

மேனேஜர் கொப்புளித்துவிட்டு மறுபடி அறிவித்தார்.

அநீதி அவர் கண்ணில் பட்டது முந்தின நாள் சாயங்காலம்தான். அவர் மனைவி பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. மூட்டைப்பூச்சியில் யாரும் கண்டிராத ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்தவர். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அந்த விஞ்ஞானி, இணையக் கலைக்களஞ்சியத்தில் தன் பெயரைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை மேனேஜர் பின்னாலிருந்து பார்த்துவிட்டார். திரையில் வந்த பதில்: 'இப்பெயரில் கட்டுரை இல்லை. நீங்கள் தேடுவது மூட்டைப்பூச்சியா?'

விஞ்ஞானி சின்னதாகச் சிரித்தார். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு, தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி மேனேஜர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"கலைக்களஞ்சியத்துல இப்ப 'நூறு பெண் அறிவியலாளர்கள்'னு ஒண்ணு நடக்குது. இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. நூறாவது ஆளை முகப்புலயே போடுவாங்களாம். வெள்ளிக்கிழமை பிரிவுபசார விழாவுல, எல்லார் முன்னாடியும் பெரிய திரையில உங்க அம்மா பக்கத்தைக் காட்டுறேன். பாத்துக்கிட்டே இரு."

"விடுங்களேன்" என்றார் விஞ்ஞானி. "மூட்டைப்பூச்சிக்குக் கட்டுரை இருக்குல்ல. அது போதும்."

போதாது என்றார் மேனேஜர். அன்று காலையே உட்கார்ந்து எழுதினார். ஒப்பற்றவர், அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்று ஒரு பெண்ணுக்கு எத்தனை அடைமொழி தாங்குமோ அத்தனையும் ஏற்றினார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அதிர்ந்து பேசாதவரா? யாருப்பா இது?"

"கலைக்களஞ்சியம்னா கொஞ்சம் அப்படி இப்படி எழுதணும்மா."

கட்டுரையை ஏற்றிவிட்டு அவர் குளித்துத் தலை துவட்டுவதற்குள், கத்தரி என்ற பெயரில் அங்கே உலாவும் ஒரு தொகுப்பாசிரியர் அதை மேய்ந்து முடித்திருந்தார். ஒப்பற்ற: சான்று தேவை. அன்பே உருவான: சான்று தேவை. அதிர்ந்து பேசாத: சான்று தேவை.

மேனேஜர் கொதித்துப் போனார். 'முப்பது வருடமாகக் கூடவே வாழ்கிறேன். நானே சான்று' என்று பதில் போட்டார். அது தன் தலையில் தானே ஊற்றிக்கொண்ட வெந்நீர். நெருங்கிய உறவினர் எழுதிய எதுவும் செல்லாது என்று கத்தரி எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியது. கட்டுரையில் மிஞ்சியது ஒரே வாக்கியம்: 'இவர் பிறந்தார்.' அதன் பக்கத்திலும் குட்டியாக 'சான்று தேவை'.

"பொறந்ததுக்குமா?"

"உங்க ஆபீஸ்ல கேக்க மாட்டீங்களா?" என்றாள் மகள்.

காலில் கட்டோடு நொண்டி வந்தவரிடமே கால் உடைந்ததற்குச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிய புகழ் மேனேஜருக்கு உண்டு.

"உண்மை எங்களுக்குத் தேவையில்லை. சான்று போதும்" என்று கத்தரி கடைசியாக எழுதியிருந்தது. "இவரைப் பற்றிச் சம்பந்தமில்லாத யாராவது பத்திரிகையில் எழுதியிருந்தால் கொண்டு வாருங்கள்."

சம்பந்தமில்லாமல் எழுதுவதற்கென்றே மேனேஜருக்கு ஒரு நிருபரைத் தெரியும். பாலிசிதாரர். திங்கட்கிழமை அலுவலகத்துக்கே வரச் சொன்னார்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மேனேஜர் தன் மனைவியின் பெயரைச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. நேரில் 'இங்க பாரு'. மற்றவர்களிடம் 'வீட்ல'. வீட்ல கேக்கச் சொன்னாங்க, வீட்ல திட்டுவாங்க, வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க. வீடு எப்படி ஊருக்குப் போகும் என்று அவர் யோசித்ததில்லை. அதுபோக, கிளையில் யார் பாலிசி பிடித்தாலும் 'நாங்க பிடிச்சோம்' என்று மேலிடத்துக்குச் சொல்லிப் பழகிய நாக்கு அது.

"சார், இந்தப் புது இனத்தை எங்க கண்டுபிடிச்சது?" என்று ஆரம்பித்தார் நிருபர்.

"எங்க என்ன எங்க. எல்லாம் வீட்லதான்."

நிருபர் எழுதிக்கொண்டார்.

"எத்தனை வருஷமா சார்?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து வீட்ல மூட்டைப்பூச்சிதான். எழுந்தா மூட்டைப்பூச்சி, படுத்தா மூட்டைப்பூச்சி."

"படுத்தாலுமா?" நிருபர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"லேசுப்பட்ட வேலைன்னு நினைக்காதீங்க தம்பி. அதுக்குத் தீனி எங்க போறது? கையை நீட்டிக் கடிக்கவிட்டு, ரத்தம் கொடுத்து வளத்திருக்கோம் நாங்க."

"நீங்களே கொடுத்தீங்களா சார்?"

"வீட்லதான் கொடுத்தாங்க. நாங்க, வீட்லன்னு என்ன பிரிச்சுப் பேசறது."

நிருபருக்கு மெய்சிலிர்த்தது. கடைசியாக மேடம் பெயரைக் கேட்டார். மேனேஜர் வெட்கத்தோடு ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் நான்கு பத்தி அகலத்துக்குச் செய்தி. 'வீட்டிலேயே மூட்டைப்பூச்சி வளர்க்கும் இன்சூரன்ஸ் மேனேஜர்: தன் ரத்தம் கொடுத்துப் புது இனம் கண்டுபிடிப்பு.' கீழே மேனேஜரின் பெயர். அது ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம் என்கிற ரகப் பெயர். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அவரைப் பெண்கள் வரிசையில் உட்கார வைத்த பெயர். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டில்.

வாசலில் மணி அடித்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் நின்றிருந்தார். பின்னால் முகமூடி போட்ட இரண்டு பேர், முதுகில் மருந்து டப்பா.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க கண்டுபிடிப்பு லிப்ட்ல ஏறுமா, படியில ஏறுமான்னு மேல் வீட்டுல கேக்கறாங்க."

"சார், அது வீட்ல..."

"அதேதான் சார். வீட்ல இருக்கறதுதான் பிரச்சனை. உங்களைப் பாத்தாலே எனக்கு அரிக்குது."

மெத்தைகள் மொட்டைமாடிக்குப் போயின. சோபா நடு முற்றத்தில் குப்புறக் கிடந்தது. அந்தப் பக்கமாகப் போனவர்கள் அதைச் சுற்றி, காவல் நாயைச் சுற்றிப் போவது போலப் போனார்கள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து திரும்பிய விஞ்ஞானி, புகைக்கு நடுவே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்ன மருந்து இது? இதை அடிச்சா மூட்டைப்பூச்சிக்கு ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டுக்காரருக்குத்தான் இருமல் வரும்."

முகமூடி நிமிர்ந்தது. "நீங்க யாரும்மா?"

விஞ்ஞானி கணவரை ஒரு பார்வை பார்த்தார். "நான்தான் வீட்ல" என்றார்.

மேனேஜர் இருமினார். இருமிக்கொண்டே நிருபருக்குப் போன் போட்டார்.

"தம்பி, என்ன எழுதி வச்சிருக்கீங்க? வீட்ல பூச்சியே கிடையாது. வீட்ல விஞ்ஞானி. புரியுதா? வி, ஞா, னி. உடனே திருத்தம் போடுங்க."

"புரிஞ்சுபோச்சு சார். மன்னிச்சிடுங்க சார்."

புதன்கிழமை திருத்தம் வந்தது. 'நேற்றைய செய்தியில் குறிப்பிட்ட மேனேஜரின் வீட்டில் மூட்டைப்பூச்சி இல்லை. வீட்டில் இருப்பவர் ஒரு விஞ்ஞானி என்று அவரே தெளிவுபடுத்தியுள்ளார். வாழ்நாளையெல்லாம் பூச்சி ஆராய்ச்சிக்கு அர்ப்பணித்த அவருக்கு அவருடைய துணைவர் பெரிதும் உதவியாக இருந்துள்ளார். தவறுக்கு வருந்துகிறோம்.' துணைவர் என்பதற்குப் பக்கத்தில், துண்டுத்தாளில் இருந்த பெயர்.

மகள் அதை இரண்டு தடவை படித்தாள். "அப்பா, நீங்க விஞ்ஞானி ஆயிட்டீங்க. அம்மா உதவியாளர்."

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?"

"'வீட்ல'ன்னு சொன்னீங்கள்ல. அம்மாவுக்குன்னு ஒரு பேர் இருக்குப்பா. வாயில வந்தா கொப்புளமா போட்டுடும்? அப்படிப் போட்டா நான் மருந்து தர்றேன்."

மேனேஜர் பேப்பரை மடித்தார். மறுபடி திருத்தம் கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை. அடுத்த திருத்தத்தில் தன்னையே மூட்டைப்பூச்சி என்று போட்டுவிடுவார்களோ என்ற பயம். இரண்டு செய்திகளையும் கத்தரிக்கு அனுப்பி, 'தவறுகள் இருந்தாலும் சாரத்தைப் பார்த்து ஆவன செய்க' என்று தன் அலுவலக நடையில் ஒரு குறிப்பும் எழுதினார். பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கலைக்களஞ்சியத்தைத் திறந்தார். அதில் கட்டுரை இல்லாத பெயர் சிவப்பாக இருக்கும். கட்டுரை வந்துவிட்டால் நீலமாகும். மனைவியின் பெயர் நீலமாக இருந்தது. மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய்ப் படிக்கவில்லை. நல்லதை நாலு பேரோடு சேர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்து, நிருபரையும் விழாவுக்குக் கூப்பிட்டார்.

அரங்கம் நிறைந்திருந்தது. இயக்குநர், இந்த நிலையம் தன்னால் எப்படி வளர்ந்தது என்று விரிவாகப் பேசிவிட்டு, "இப்போது நம் விஞ்ஞானிக்கு ஓர் இன்ப அதிர்ச்சி" என்று நீலப் பெயரைத் தட்டினார். பெரிய திரையில் பக்கம் விரிந்தது. இயக்குநர் கணீரென்று வாசித்தார்.

"இவர் ஒரு பூச்சியியல் அறிவியலாளர். இன்சூரன்ஸ் துறையில் மேனேஜராகப் பணியாற்றிக்கொண்டே, தன் ரத்தத்தைக் கொடுத்து..." குரல் இறங்கியது. "நீங்கள் தேடிய பெயர், இவருடைய துணைவரின் பெயர். துணைவருக்குத் தனிக் கட்டுரை எழுதுமளவு சிறப்பு இல்லாததால் இங்கே திருப்பிவிடப்பட்டுள்ளது."

மூட்டைப்பூச்சி நடந்தால் கேட்கும் அமைதி.

முதலில் சிரித்தது விஞ்ஞானிதான். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதிர்ந்து பேசாதவர் என்பதற்கு எந்தக் காலத்திலும் சான்று கிடைக்காது என்று அரங்கமே தெரிந்துகொண்டது. பிறகு அரங்கமே சிரித்தது. இயக்குநர் மட்டும், சிரிக்கலாமா என்று மேசையைப் பார்த்து யோசித்தார்.

மேனேஜர் எழுந்தார். மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தார்.

"மூட்டைப்பூச்சியில புது இனத்தைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. நாங்க இல்ல. வீட்லயும் இல்ல." பிறகு மனைவியின் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு, முழுசாக, ஒலிபெருக்கியில்.

விஞ்ஞானியின் சிரிப்பு நின்றது.

"சரியாக் கேக்கலைங்க" என்றார் கீழேயிருந்து. "இன்னொரு தடவை சொல்லுங்க."

மேனேஜர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் பழகியிருந்தது. மூன்றாவது தடவை யாரும் கேட்காமலே சொன்னார். கடைசி வரிசையில் நிருபர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். சந்தேகம் வந்தபோதெல்லாம் எழுந்து போய் விஞ்ஞானியிடமே கேட்டார்.

மறுநாள் பேப்பரில் எல்லாம் சரியாக வந்தது. படத்தில் கட்டில் இல்லை, விஞ்ஞானி இருந்தார். அன்று சாயங்காலமே கலைக்களஞ்சியத்தில் அவர் பெயருக்கு அவருடைய கட்டுரையே வந்துவிட்டது. கத்தரியே எழுதியிருந்தது. பிறந்ததற்குக்கூடச் சான்று இருந்தது. வாழ்க்கை என்ற பகுதியில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சம்பந்தமில்லாத தகவல் என்று விட்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. அதே வாஷ்பேசின். மேனேஜர் வாயில் அதே நுரை, முகத்தில் வெற்றி.

"முகப்புல வந்தாச்சா? நூறாவது ஆள் உங்க அம்மாதானே?"

மகள் போனைப் பார்த்தாள். "அம்மா நூத்தியொண்ணாவது."

"அப்ப நூறு யாரு?"

"நீங்கதான். முகப்புலயே போட்டிருக்காங்க. 'நூறாவது பெண் அறிவியலாளர்: குடும்பப் பொறுப்பு, அலுவலக வேலை, ஆராய்ச்சி மூன்றையும் சமாளித்த சாதனைப் பெண்மணி'."

மேனேஜர் நுரையை விழுங்கிவிட்டார். உள்ளே விஞ்ஞானி சிரிப்பை அடக்க எதையோ கடிப்பது கேட்டது.

"உடனே எழுதும்மா. நான் விஞ்ஞானி இல்ல, ஆம்பளைன்னு எழுதிப் போடு."

"நேத்தே எழுதிட்டேன்ப்பா. ரெண்டுக்கும் 'சான்று தேவை'ன்னு போட்டிருக்காங்க."