சேவுக்கடைக்கு ஒரு கதாநாயகன்

பாளையம்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி, ஒரு திங்கட்கிழமை காலையில் திடீரென்று ஓவியராகிவிட்டார். முந்தின நாள்வரை அவர் கைப்பட எழுதியது 'இன்று கடை விடுமுறை' என்ற அட்டை ஒன்றுதான். அதிலும் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும்.

அவருடைய மனைவி தங்கச்செல்வியின் அண்ணன் பால்ச்சாமி, பந்தல்குடியில் ரோட்டோரமாகச் சேவுக்கடை திறக்கப் போகிறார். பெயர்ப்பலகைக்கு ஒரு பொம்மை முகம் வேண்டும் என்றார். நானே வரைகிறேன் மச்சான், என் முகத்தையே வைத்து வரைகிறேன் என்று ஜெயபாண்டி வாயைக் கொடுத்தார். தூத்துக்குடி போகிற லாரியெல்லாம் தன் முகத்தைப் பார்த்துத்தான் பிரேக் போடும் என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்தார். இனிப் பின்வாங்கினால் மானம் போய்விடும்.

கதாபாத்திரம் வரைவது எப்படி என்று போனில் ஒரு பாடத்தைப் பாதி பார்த்தார். மீதியைத் தன் அறிவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். முன்னறை ஜன்னலோரம் இருந்த தங்கச்செல்வியின் தையல் மெஷினை அடுப்படிக்குத் தள்ளினார். கலைக்கு வெளிச்சம் வேண்டுமாம். பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களெல்லாம் துணியில் தாளிச்ச வாடை அடிக்கிறது என்று சடைத்துக்கொண்டு போனார்கள். தங்கச்செல்வி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது தெருவுக்கே தெரியும், கட்டினவருக்குத்தான் தெரியாது.

முதல் படம் தயாரானது. அகன்ற தோள், சதுரத் தாடை. நிஜத்தில் ஜெயபாண்டியின் தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று அவரைப் பெற்றவளாலேயே சொல்ல முடியாது.

"நல்லாத்தான் இருக்கு. நல்லவனுக்கு என்ன வடிவம்னு சொன்னீக?" என்று கேட்டாள் தங்கச்செல்வி.

"வட்டம்டி. வட்டம்னா நல்லவன், சதுரம்னா பலசாலி, முக்கோணம்னா வில்லன். அடிப்படையே அதான். உனக்கு எங்க புரியப் போகுது."

"அப்ப முகத்த வட்டமாக்குங்க. நீங்க நல்லவுகதான?"

மறுக்க முடியுமா? முகம் தோசைக்கல் அளவுக்கு வட்டமானது.

மறுநாள், குணத்தைக் கூட்டிக் காட்டணும் என்று பாடத்தில் சொன்னார்களாமே, வீரம் எங்கே என்றாள். மீசை காதைத் தொட்டது. பிள்ளைகளுக்குப் பெரிய கண்தானே பிடிக்கும் என்றாள். கண் இரண்டும் பிதுங்கின. நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடணுமாமே என்றாள். தலைமுடி இரண்டு பக்கமும் கொம்பாக எழும்பியது. ஒவ்வொன்றும் அவர் வாயிலிருந்தே வந்த பாடம்தான், அதனால் மகா ஓவியருக்குச் சந்தேகமே வரவில்லை.

"எல்லாஞ் சரி. காரச் சேவு தின்ன முகமாத் தெரியலையே," என்றாள் கடைசியாக.

"காரம்னா நாக்கு வெளிய வரணும்," என்றார் அவர். செக்கச்செவேலென்று ஒரு நாக்கைத் தாடைவரை தொங்கவிட்டார். கூடவே பல்லையும் காட்டினார்.

"இப்பத்தான் அச்சு அசலா நீங்க."

கட்டின நாளிலிருந்து அவள் அவரை மெச்சியது அதுதான் முதல் தடவை. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தை அண்ணனிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கடைத் திறப்பன்று தெருக்காரர்களில் பாதிப் பேரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார் ஜெயபாண்டி. பெயர்ப்பலகையில் வெறும் எழுத்துதான் இருந்தது.

"எம் முகம் எங்க மச்சான்?"

பால்ச்சாமி பூரிப்போடு மேலே கையைக் காட்டினார். வாசலுக்கு மேலே, படிகாரத்துக்கும் மிளகாய்க் கோர்வைக்கும் நடுவில், ஜெயபாண்டி திருஷ்டி பொம்மையாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்.

"திருஷ்டிக்குன்னே ராப்பகலா வரைஞ்சீகன்னு செல்வி சொல்லுச்சு மாப்ள. காசுக்கு வாங்குனாக்கூட இம்புட்டுக் கோரமாக் கிடைக்காது."

தெருக்காரர்கள் மேலே பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி மேலே பார்த்தார்கள். ஒருத்தருக்கும் அடையாளத்தில் சந்தேகமில்லை.

மறுநாள் காலையில் தையல் மெஷின் ஜன்னலோரம் வந்து நின்றது. கலைஞனை அவமதிக்கிறாயா என்று ஜெயபாண்டி முணுமுணுத்தார். தங்கச்செல்வி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள், நேற்று கடைத் திறப்புக்கு வந்த பாலவனத்தத்துக்காரர் ஒருத்தர் புது வீடு கட்டுகிறார், ஜெயபாண்டியைப் பற்றித்தான் ஆசையாக விசாரித்தார் என்று. ஜெயபாண்டிக்கு உயிர் வந்தது. பென்சிலைத் தேடினார்.

"பென்சில் எதுக்கு? படம் வேணாமாம். சாரம் பிரிக்கிற வரைக்கும் நீங்க வந்து வாசல்ல நின்னாப் போதும்னுட்டாக."