கொடிமலைக் குமரனின் பீச்சாங்கை

சமத்துவத்தை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது பிரான்சு தேசம் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. தவறு. எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கட்டடங்களின் நெற்றியில் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். பிறகு அந்த மூவர்ணம் இறங்கி இந்த மூவர்ணம் ஏறியது. புதிய சர்க்கார் சமத்துவத்தைச் சட்டமாகவே போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இந்த இரண்டு சர்க்காராலும் முடியாத காரியத்தை ஒரே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிச் சாதித்தது, கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே நடந்தால் வரும் எங்கள் ஊர்.

அந்தத் துணி, பங்கஜம் டூரிங் டாக்கீஸின் திரை. அறுவடை முடிந்ததும் ஏரிக்கரையோரம் கொட்டகை போடுவார்கள். முதல் வருடம் அதன் முதலாளி, வெளியூர்க்காரர், விவரம் போதாதவர், டிக்கட் வாங்கிய எல்லாரையும் ஒரே மணலில் உட்கார வைத்துவிட்டார். ஊரும் சேரியும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரித்து ஒரே இடத்தில் அழுதன. இப்படி அழுதால் ஊர் என்னாவது? சேரியை உள்ளே விடாதே என்று சொல்லவும் காலம் சரியில்லை. அந்த நெருக்கடியில்தான் மளிகைக்கடை அரிகிருஷ்ணன், படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒதுங்குவதற்காகக் கொட்டகையின் பின்புறம் போனவர், போன வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். துணியின் அந்தப் பக்கத்திலும் படம் தெரிகிறதாம்.

மறுநாளே ஏற்பாடாகிவிட்டது. எங்களுக்கு இந்தப் பக்கம். சேரிக்கு அந்தப் பக்கம். அதே படம், அதே பாட்டு, அதே டிக்கட். எங்களுக்குக் கூரை உண்டு. அவர்களுக்கு ஆகாயமே கூரை. யாரையும் யாரும் தடுக்கவில்லை. நடுவில் இருந்தது கலை ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டைக் கண்காணிக்கவும், ஒரு படத்தைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்க வேண்டும் என்பதை அவர்கள் நினைப்பதற்கு முன்பே தெரிவிக்கவும் ‘திரைப்பட அபிப்பிராய சபை’ தோன்றியது. அக்கிராசனர் சம்மந்தம். ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் அவருடையது; ஆகையால் கலை ஞானத்துக்குக் குறைவில்லை. பொருளாளர் அரிகிருஷ்ணன். காரியதரிசி அடியேன். பட்டணத்துக்குப் போய் நாற்காலி டிக்கட்டில் படம் பார்த்தவன் ஊரில் நான் ஒருவனே.

என் அபிப்பிராயங்களின் பெருமையை நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. வேறு யாரும் சொல்லாததால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பக்திப் படத்துக்கு நான் எழுதியது: “சாமி மூன்று முறை பிரத்தியட்சமானார். கொடுத்த டிக்கட்டுக்கு நான்காவது முறையும் ஆகியிருக்கலாம்.” ஒரு குடும்பப் படத்துக்கு: “கதாநாயகி அழுததில் குற்றம் காண முடியாது. மழையில் நின்று அழுததால் எது கண்ணீர் என்று தெரியவில்லை.” இன்னொரு படத்துக்கு: “கதை புரியவில்லை. நடனம் புரிந்தது.” இவை அரிகிருஷ்ணன் கடைப் பலகையில், கடலை எண்ணெய் விலைக்குக் கீழே சாக்கட்டியால் எழுதப்படும். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் அபிப்பிராயத்தையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

சபையில் ஓட்டெடுப்பு சுலபமானது. மாற்று அபிப்பிராயம் உள்ளவர் எழுந்து நிற்க வேண்டும். சபையின் சரித்திரத்தில் எவரும் எழுந்ததில்லை. கூட்டம் முடிந்ததும் அக்கிராசனர் தம் கையால் வெற்றிலை பாக்கு கொடுப்பார். இரண்டு கைகளையும் நீட்டி, இடுப்பை வளைத்து வாங்கிக்கொள்வோம். இது பயமல்ல, ‘பண்பாடு’.

இப்படி ஊர் க்ஷேமமாக இருந்த ஒரு பங்குனி மாதத்தில் ‘கொடிமலைக் குமரன்’ வந்து சேர்ந்தான்.

ஆடு மேய்க்கிறவனின் மகன் குமரன். அரசன் மேல் பாய்ந்த புலியைக் கொல்கிறான். அரண்மனையில் விருந்து. விருந்து முடிந்ததும் அரசன் முத்துமாலையைப் பரிசாக நீட்டுகிறான். மந்திரி முதல் வாயில்காப்போன் வரை வளைந்து நிற்கிற அந்தச் சபையில் குமரன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, ஒற்றைக் கையை நீட்டி, “உழைப்புக்குக் கூலி பெறுகிறேன் அரசே, பிச்சை பெறவில்லை” என்று மாலையை வாங்குகிறான். கொட்டகை அதிர்ந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. அக்கிராசனர் சம்மந்தம் தம் அங்கவஸ்திரத்தை எடுத்து மேலே வீசினார். “நிமிர்ந்த தமிழன்! குடும்பத்தோடு பாருங்கள்” என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

எங்கள் அபிப்பிராயத்தை யாராவது உண்மையென்று எடுத்துக்கொள்வார்கள் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

சித்திரை முதல் நாள் சம்மந்தம் பண்ணையில் வருஷத்தின் முதல் உழவாக நல்லேர் கட்டி, ஏர் ஓட்டுகிறவர்களுக்கு வேட்டி கொடுப்பது வழக்கம். ஒவ்வொருவராகக் குனிந்து வந்து, இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டு, குனிந்தபடியே பின்வாங்கினார்கள். செல்லக்கண்ணு வந்தான். பண்ணையில் அவனைப் போல் ஏர் பிடிக்க ஆள் கிடையாது. படம் ஓடிய நாளெல்லாம் துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். வந்தவன் நின்றான். நிமிர்ந்து நின்றான். இடது கையை, அது ஒன்றை மட்டும், நீட்டினான்.

சம்மந்தம் வேட்டியைக் கொடுக்கவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை.

“இன்னாடா இது?”

“கொடிமலைக் குமரன் இப்பிடித்தான் வாங்குனாரு ஆண்டே.”

செல்லக்கண்ணுவின் குடிசை இருப்பது சம்மந்தத்தின் மனையில். வேறொரு காலமாக இருந்தால் அன்று சாயங்காலமே கூரை இறங்கியிருக்கும். ஆனால் சம்மந்தம் நியாயஸ்தர். அவன் ஒரு சினிமாவைச் சாட்சிக்கு இழுத்துவிட்டதால், சினிமா விஷயம் சபையைச் சேர்ந்தது என்றும், சபை விசாரித்து, அவன் சொன்னது பொய் என்றால் வைகாசிக்குள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டும் என்றும் உத்தரவானது. வாதியே அக்கிராசனராகவும் இருந்தபடியால் காலதாமதம் மிகவும் குறைந்தது.

விசாரணை அரிசி மில் முற்றத்தில் நடந்தது. குமரன் மாலை வாங்கியது எந்தக் கையால்? பீச்சாங்கையால் என்றான் செல்லக்கண்ணு. கத்திச் சண்டை? அதுவும் பீச்சாங்கை. சேரியில் கேட்டால் சின்னப் பிள்ளை முதல் கிழடு வரை அதையே சொல்லிற்று. செல்லக்கண்ணுவின் மனைவி ராமாயி ஒருபடி மேலே போனாள்.

“விருந்துல துன்றதே பீச்சாங்கையாலதான். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துது. ராசா வூட்டுப் பழக்கம் போலன்னு வுட்டுட்டன்.”

நாங்கள் எல்லாரும் வலது கை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். ஒருவன் சொன்னால் பொய். ஒரு சேரியே சேர்ந்து சொன்னால் சதி. அரிகிருஷ்ணன், கொட்டகை முதலாளி அந்தப் பக்கத்துக்கு மட்டும் மட்டரகமான வேறு பிரதியை ஓட்டுகிறாரோ என்று சந்தேகப்பட்டார். பரம்பரைப் பார்வைக் கோளாறாக இருக்கலாம் என்று நான் விஞ்ஞான ரீதியில் சொன்னேன். சபை என் கருத்தை மெச்சியது.

செல்லக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “ஒரு நா அந்தாண்ட வந்து குந்திப் பாருங்க ஆண்டே. அவ்ளோதான்.”

யோசனையில் தவறில்லை, போவது யார்? சொந்த நாற்காலியோடு போனால் போனதாகக் கணக்காகுமா, ஆகாதா? போய் வந்து ஏரியில் முழுகினால் போதுமா, உடுத்திய வேட்டியையும் விட வேண்டுமா? வெகுநேரம் விவாதித்தோம். ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்வந்த அனுபவசாலி என்ற முறையில் அரிகிருஷ்ணனைக் கேட்டோம். தாம் அன்று போனது வேறு காரியமாக என்றும், கதாநாயகனின் கையைக் கவனிக்கும் நிலையில் தாம் இல்லை என்றும் அவர் சாட்சியம் அளித்தார்.

கடைசியில் ஆபரேட்டர் கில்பர்ட்டைக் கூப்பிட்டு அனுப்பினோம். வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். படம் ஓட்டுவதில் கைதேர்ந்தவர். எங்கள் பிரச்சினையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மனிதர்களுக்கு முன்னால் சிரிக்கக்கூடாது என்பதால் இருமினார்.

“முசே,” என்று பிரெஞ்சு மரியாதையில் ஆரம்பித்தார், “துணிக்கு அந்தாண்ட பாத்தா எல்லாம் திரும்பித்தான் தெரியும். கண்ணாடியில தெரியற மாதிரி. நீங்க யாரும் எழுந்து போக வேணாம். அரண்மனை ரீலைத் திருப்பிப் போட்டு ஓட்டறேன். அவங்க பாக்கறத நீங்க இங்க இருந்தே பாக்கலாம். சத்தக் கோடு பக்கம் மாறிடும், அதனால சத்தம் மட்டும் வராது.”

உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் அடுத்தவன் இடத்திலிருந்து பார்க்கலாம் என்றால் அதைவிடச் சபைக்கு உகந்தது வேறென்ன? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் நாங்கள் பெஞ்சுகளில் அமர்ந்தோம். துணிக்கு அந்தப் பக்கம் சேரி கூடியிருந்தது. ரீல் ஓடியது. ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரையில் குமரன் இடது கையால் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டான். அரிகிருஷ்ணன் ‘சீச்சீ’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதே நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. “தே பாரு, சோத்தாங்கையாலதான் துன்றாரு!” என்ற ராமாயியின் குரல் தெளிவாகக் கேட்டது. அத்தனை நாள் ஒரு நல்ல மனிதனைத் தப்பாக நினைத்துவிட்ட வருத்தம் அதில் இருந்தது.

பிறகு அந்தக் காட்சி. அரசன் மாலையை நீட்டுகிறான். குமரன் நிமிர்கிறான். இடது கை நீள்கிறது. வாய் அசைகிறது; வசனம் இல்லை. கரகரப்பு மட்டும்.

அப்போது துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் நிதானமாகச் சொல்லிற்று: “உழைப்புக்குக் கூலி பெறுகிறேன் அரசே, பிச்சை பெறவில்லை.”

செல்லக்கண்ணுதான். ஓர் எழுத்துப் பிசகவில்லை. உதட்டசைவும் குரலும் அப்படிப் பொருந்திப் போனதால் குமரனே பேசுவதாகத் தோன்றியது. எனக்கு மறுபடியும் மெய்சிலிர்த்துத் தொலைத்தது. பழக்க தோஷத்தில் சம்மந்தத்தின் கை அங்கவஸ்திரத்துக்குப் போயிற்று. பாதியில் நினைவு வந்து இறங்கிவிட்டது.

கொட்டகையிலேயே சபை கூடியது. செல்லக்கண்ணு திரையின் ஓரமாக வந்து நின்றான். பின்னாலேயே ராமாயி. முதல் தீர்மானத்தை வாசித்தேன்: இடக்கைக் குற்றம் துணியைச் சேர்ந்தது, துணியைச் சபை வன்மையாகக் கண்டிக்கிறது, செல்லக்கண்ணு பொய் சொல்லவில்லை. ராமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீதி இவ்வளவு துரிதமாகக் கிடைக்கும் ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சம்மந்தம் தொண்டையைக் கனைத்தார். “கைய வுடு. அது துணியோட குத்தம், ஒத்துக்கறேன். ஆனா எம்முன்னால நிமுந்து நின்னியே, அதுவும் துணியோட குத்தமாடா?”

செல்லக்கண்ணு அதற்கு ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேட்டியும் கிடைத்திருக்கும், குடிசையும் நிலைத்திருக்கும். சொல்லு, சொல்லு என்று நானே மனசுக்குள் அவனைக் கெஞ்சினேன். அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

“இல்ல ஆண்டே. கைதான் பக்கம் மாறித் தெரியுது. நிமுந்து நிக்கறது ரெண்டாண்டயும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்தாண்ட நீங்களும் பாத்தீங்களே.”

சம்மந்தம் செல்லக்கண்ணுவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். காரியதரிசியின் கடமையைச் செய்தேன். இரண்டாம் தீர்மானம்: ‘கொடிமலைக் குமரன்’ சிறந்த படம், ஆயினும் கதாநாயகன் தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கிறான், இது படத்தில் இருக்கலாம், களத்துமேட்டில் ஆகாது. மூன்றாம் தீர்மானம்: செல்லக்கண்ணு வைகாசிக்குள் மனையைக் காலி செய்துவிட வேண்டியது.

“மாத்து அபிப்பிராயம் இருக்கறவங்க எழுந்து நிக்கலாம்” என்றார் அக்கிராசனர்.

பெஞ்சுகளிலிருந்து எவரும் எழவில்லை. என் முழங்காலில் ஏதோ துடித்தது. ஏரிக்கரை அல்லவா, கொசுவாக இருக்கும்.

செல்லக்கண்ணு “வா, போயி வூட்டப் பிரிக்கலாம்” என்று ராமாயியிடம் சொல்லிவிட்டு, வந்த வழியாகத் துணிக்குப் பின்னால் போகாமல், எங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து முன்வாசல் வழியாக வெளியே போனான். இது விதிக்கு முரணானது. தடுத்திருப்போம். ஆனால் தடுக்க வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டும்.

இப்போது அவன் அபிஷேகப்பாக்கத்தில் யாரோ ஒருவருடைய நிலத்தில் ஏர் ஓட்டுவதாகக் கேள்வி. எங்கள் சபை மட்டும் இன்றும் சீரோடு நடக்கிறது. அன்றும் தீர்மானங்கள் மூன்றும் ஏகமனதாக நிறைவேறின. அக்கிராசனர் வெற்றிலைத் தட்டை எடுத்தார். வரிசையாகப் போய், இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டோம். புரொஜெக்டர் விளக்கு இன்னும் அணையவில்லை. எங்கள் நிழல் முழுவதும் திரையில் விழுந்திருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் சேரி இன்னும் கலையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எங்கள் வலது கை இடதாகவும் இடது கை வலதாகவும் தெரிந்திருக்கும். நாங்கள் குனிந்திருந்தது மட்டும் உள்ளபடியே தெரிந்திருக்கும்.