காத்தாயி வாங்கிய கல்விக்கடன்

செல்போன் கோபுரம் ஆலமரத்தைவிட உயரமாக வளர்ந்துவிட்ட ஒரு காட்டில் காத்தாயி என்னும் காகம் வாழ்ந்துவந்தாள். அவளுக்கு ஒரே மகன், கருத்தப்பாண்டி. அவன் குயில் என்பது காட்டுக்கே தெரியும். முட்டை பொரிந்த மறுநாளே காத்தாயிக்கும் தெரியும். பசியென்று வாயைத் திறந்த பிள்ளையிடம் நீ என்ன ஜாதி என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

பாண்டி வளர்ந்து, நுழைவுத் தேர்வில் பாடி, மலைமேல் இருந்த இசைக் கல்லூரியில் மெரிட்டிலேயே சீட்டு வாங்கிவிட்டான். கட்டணத்தைக் கேட்டதும் காத்தாயி கல்விக்கடன் வாங்குவதென்று முடிவெடுத்தாள். மகனைக் கூட்டிக்கொண்டு ஆலமரத்துப் பொந்தில் இருந்த வங்கிக்குப் போனாள்.

மேலாளர் ஓர் உடும்பு. பிடித்த விதியை விடமாட்டார். மதிப்பெண்ணைப் பார்த்தார், சரி. சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்தார், அதுவும் சரி. கூடவே தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும் என்றார். காத்தாயி ஆசையாகக் காலை நீட்டினாள். எதற்கும் இருவரும் ஒருமுறை குரல் கொடுங்கள் என்றார் உடும்பு. அவள் "கா" என்றாள். அவன் "கூ" என்றான்.

"குரல் பொருந்தலியேம்மா. பெத்தவங்களக் கூட்டிட்டு வாங்க."

காடெல்லாம் அலைந்து பெற்ற குயிலையும் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தாள் காத்தாயி. அந்த அம்மாள் தாராளமாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். கூட்டுக்கு முகவரிச் சான்று கேட்டார் உடும்பு. நான் கூடே கட்டியதில்லையே என்று அவள் பெருமையாகச் சொல்ல, விண்ணப்பம் திரும்பி வந்தது.

வெளியே வந்த பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே, "விடும்மா. கல்யாண வீட்ல பாடிப் பொழச்சுக்கிறேன்" என்றான்.

காத்தாயி அலகால் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "நீ சும்மா இருடா. நான் கூவக் கத்துக்கிறேன்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வங்கிக்கு நேர்மேலே இருந்த கிளையில் உட்கார்ந்து தொடங்கினாள். தகரத்தில் ஆணியால் கீறியதுபோல ஒரு சத்தம் வந்தது. பாண்டி பக்கத்தில் இருந்து சுருதி சொல்லிக் கொடுத்தான். அக்கா தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று தங்கைகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களைத் தேடி வந்த புருஷன்மார் சோறு தின்ற கையோடு தாங்களும் கூவினார்கள். மதியத்துக்குள் மரம் கொள்ளாத காகங்கள். காசாளர் அணில் வாலால் காதைப் பொத்திக்கொண்டு டோக்கனை மாற்றி மாற்றிக் கூப்பிட்டது. இத்தனை வருஷம் நான் போட்டதெல்லாம் ஒரு சத்தமா என்று மரங்கொத்தி காட்டை விட்டே கிளம்பியது. பாண்டி சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து விழுந்தான்.

அந்த வாரம் முடிவதற்குள் உடும்பே மரமேறி வந்துவிட்டார். கையில் விண்ணப்பமும் முத்திரையும்.

"குரல் பொருந்திடுச்சும்மா."

"இன்னும் சுருதி சேரலியே சார்" என்று காத்தாயி நேர்மையாகத் தயங்கினாள்.

சேர்ந்துவிட்டது, இதற்குமேல் சேரவே வேண்டாம் என்று அவர் அவள் காலைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கினார். பாண்டி மலைக்குப் பறந்தான்.

அடுத்த திங்கட்கிழமை, மகளின் சட்டப் படிப்புக்குக் கடன் கேட்டு ஒரு கழுதை வங்கிக்குள் நுழைந்தது. அது வணக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே உடும்பு முத்திரையைக் குத்திவிட்டார்.

நீதி: கல்விக்கடனுக்குப் பிள்ளையின் மதிப்பெண் மட்டும் போதாது, வளர்த்தவளுக்கு யாராலும் சகிக்க முடியாத குரலும் வேண்டும்.