பிறர் கை படாத கார்

காரை ஓட்டுவதற்காக வாங்குகிறவர்கள் உண்டு. எதிர் வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரே என்பதற்காக வாங்குகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையாரோடும் நமக்கு ஒரு வம்பும் இல்லை. இப்போது நான் அறிமுகப்படுத்தப் போவது மூன்றாவது ஜாதி. இவர் கார் வாங்குவது கழுவுவதற்காக.

இவரைத் தேடி நீங்கள் அதிகம் அலைய வேண்டாம். கொண்டாப்பூரில், சாஃப்ட்வேர்க்காரர்கள் குடியேறிய எந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போங்கள். கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தை ஹைதராபாத்தில் செல்லார் என்பார்கள். அங்கே அரை டிராயரும், என்றோ கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த டீ-ஷர்ட்டுமாக, இரண்டு வாளிகளுக்கு நடுவில் ஒருவர் நின்றுகொண்டு காரையே பார்த்துக்கொண்டிருப்பார். குட்மார்னிங் சொல்லிப் பாருங்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், தூசி" என்று பதில் வரும்.

உதாரணத்துக்குப் புருஷோத்தமனை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் பிராஜெக்ட் லீடர். அவருக்குக் கீழே பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க வங்கி ஒன்றின் மொத்தக் கணக்கையும் அந்தப் பதினான்கு பேரை நம்பி ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். கார் துடைக்கும் துணியை மட்டும் ஒருவரை நம்பியும் கொடுக்க மாட்டார். ஆன்சைட் என்று வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது சாக்லெட்டும் சென்ட்டும் வாங்கி வருவது வழக்கம். புருஷோத்தமன் ஐந்து மாதம் நியூஜெர்சியில் இருந்துவிட்டு வந்தபோது, பெட்டியைத் திறந்த அவர் மனைவி ரோகிணி கண்டது பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் ஈரம் ஒற்றுகிற ஒரு மான்தோல் துண்டும்தான். மகள் சுபாஸ்ரீக்கு விமானத்தில் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலம் கிடைத்தது.

அடுக்ககத்தில் வாட்ச்மேன் யாதகிரி இருக்கிறார். மாதச் சம்பளத்துக்கு இருபத்திரண்டு கார்களை ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியால், ஒரு மணி நேரத்தில் துடைத்து முடித்துவிடுவார். அந்தத் துணி பிறந்தபோது என்ன நிறமாக இருந்தது என்பது அவருக்கே நினைவில்லை. மற்ற இருபத்திரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்பது புருஷோத்தமனுக்குப் புரிவதே இல்லை. "அது துடைக்கறது இல்லீங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறது" என்பார். காரணமும் சொல்வார். துணியில் ஒட்டிய ஒரே ஒரு மணல் போதுமாம், பெயின்ட் மீது ஆயுசுக்கும் கோடு விழுந்துவிடுமாம். அவருடைய கார் கறுப்பு. கறுப்பில் கோடு விழுந்தால் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

ஆகவே சடங்கு. முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட அவர் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. சூடு இருந்தால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், சோப்பு காய்ந்து கறை படிந்துவிடும். பிறகு தூசி ஊறி இறங்கும்வரை தண்ணீர் ஊற்றுவார். பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொரு வாளியில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் சோப்பு கிட்டேயே வரக் கூடாது, மெழுகுப் பூச்சைத் தின்றுவிடும். கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டுமே தவிர கீழிருந்து மேலே ஏறக் கூடாது. சக்கரத்துக்குத் தனித் துணி, தனிப் பிரஷ். எல்லாவற்றுக்கும் மேலாகக் கை நேர்கோட்டில் போக வேண்டும், வட்டம் போட்டால் சிலந்தி வலை போலக் கீறல் விழும். இத்தனையும் இணையத்தில் கார்ப் பைத்தியங்கள் கூடும் ஒரு மன்றத்தில் படித்து, ஆபீஸ் பிரிண்டரில் பதினேழு பக்கம் எடுத்து, சுருள் பைண்டிங் போட்டு வைத்திருக்கிறார்.

கடைசி அலசலுக்கு வாங்குவது குடிநீர்க் கேன். சிரிக்காதீர்கள். கொண்டாப்பூர் போர்த் தண்ணீர் காய்ந்தால் பெயின்ட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற இருபது லிட்டர் கேன் நேராகச் செல்லாருக்குப் போய்விடும். அன்றைக்கு வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குப் போர்த் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் கொடுப்பாள் ரோகிணி.

இந்த இனத்தாரிடம் காரை யாராவது இரவல் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கேட்காதீர்கள். ரோகிணி இரவல்கூடக் கேட்கவில்லை, தன் வீட்டுக் காரை ஓட்டத்தான் கேட்டாள். ஷங்கர்பள்ளி சாலையில், பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே அவளுக்குக் கணித விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துக் கிடைத்த வேலை. புதன்கிழமை சேர வேண்டும், காரில்தான் போய்வர முடியும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். டிரைவிங் பள்ளியில் இருபது நாள் கற்றுக்கொண்டாயிற்று. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகப் போகிறது. செவ்வாய்க்கிழமையோடு அது காலாவதி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெஸ்ட். விட்டால் மறுபடி முதலிலிருந்து எல்லாம், வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

இந்த ஆறு மாதத்தில் இருபத்தாறு ஞாயிறு வந்து போனது. அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது நான்கு முறை. அதில் மூன்று முறை எஞ்சின் ஓடவில்லை. ஒரு வாரம் கார் ஈரமாக இருந்தது, அடுத்த வாரம் மெழுகு காய வேண்டியிருந்தது, அதற்கடுத்த வாரம் எல்லாம் காய்ந்து பளபளவென்று இருந்ததால் வெளியே எடுக்க மனசு வரவில்லை. "நீ எங்கியாவது கீறிப்போடுவ கண்ணு" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன தீர்ப்பு. டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார்கள், அதை மட்டும் அவள் பழகவே இல்லை.

டெஸ்டுக்கு முந்தின ஞாயிறு. பத்து மணிக்குப் பின் தெருவில் ரிவர்ஸ் பழகலாம் என்று புருஷோத்தமன் வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்பதே காலுக்கு மான்தோலால் பானட்டை ஒற்றிக்கொண்டிருந்தவர், "அய்யய்யோ!" என்று போட்ட சத்தத்தில் இரண்டு மாடி ஜன்னல்கள் திறந்தன. வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து ரோகிணி மாவுக் கையோடு ஓடி வந்தாள். அவர் விழவில்லை. பானட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் பதினொன்று.

"என்ற காரை யாரோ கீறிப்போட்டாங்க! ரூட் காஸ் என்னன்னு தெரியாம இங்கிருந்து ஒருத்தரும் நகரக் கூடாது" என்றார் புருஷோத்தமன். ஆபீஸில் ஏதாவது கோளாறு வந்தால் வேரைத் தேடி எட்டுப் பேரை அறையில் வைத்துப் பூட்டுவது அவருக்குப் பழக்கம்.

முதல் குற்றவாளி யாதகிரி. "தேவுடி தோடு சார், நேனு முட்டுகோலேது" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், தொடவே இல்லையாம். வேலையை விட்டே தூக்கச் சொல்லி அசோசியேஷனுக்கு எழுதுவேன் என்றார் புருஷோத்தமன். அடுத்து சுபாஸ்ரீ. அவளுடைய சைக்கிள் மேல் சந்தேகம். "நேனு காது டாடி! நா சைக்கிள் பங்க்சர் அயிந்தி, த்ரீ டேஸ்!" என்றாள் குழந்தை பள்ளிக்கூடத் தெலுங்கில், அழுகிற மாதிரி. தான் இல்லையாம், சைக்கிள் மூன்று நாளாகப் பஞ்சராம். மூன்றாவது, ஒரு பூனை. அது விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பால் பாக்கெட்டோடு வந்தார் கோவிந்தராஜன். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய குடும்பம். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனோடு முதல் மாடியில் இருக்கிறார். அவர் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும், கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். "கைக்கு சார் இவ்ளோ டென்ஷன்? பாலிஷ் போட்டா போயிடும். வாட்ச்மேனைத் திட்டறது நக்கோ சார், பாவம் அவன்" என்றார்.

"அதில்லீங்க. துடைக்கறதுக்கு ஒரு முறை இருக்குது. அந்த முறையில துடைச்சா ஒரு கோடு விழாது. இப்பப் பாருங்க, நான் எப்படித் துடைக்கறேன்னு எல்லாரும் பாருங்க" என்று புது மைக்ரோஃபைபர் துணி ஒன்றை உதறி எடுத்து, பானட்டின் மேல் நன்றாகக் குனிந்து, கையை அந்தக் கோடிவரை நீட்டி, அங்கிருந்து நேர்கோட்டில் மெதுவாக இழுத்தார்.

கிர்ர்ர் என்றது.

நிமிர்ந்து பார்த்தார். துணியை உதறினார். மறுபடி குனிந்து இழுத்தார். மறுபடி கிர்ர்ர்.

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். புருஷோத்தமன் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இதில் என்ன சொல்ல இருக்கிறது என்றுதான் விட்டுவிட்டேன். கொண்டாப்பூரில் கறிவேப்பிலை வாங்கப் போகிறவர்கூட அதை மாட்டிக்கொண்டுதான் போகிறார். பல் தேய்த்ததும் நாடாவைக் கழுத்தில் போட்டால் ராத்திரிதான் கழற்றுவார் புருஷோத்தமன். மச்சினன் கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டி, சந்தனம், அடையாள அட்டை சகிதமாக அவரைக் காணலாம். நாடாவின் நுனியில் ஒரு இரும்புக் கொக்கி, பழைய பிளாஸ்டிக் கொக்கி உடைந்ததால் அந்த வாரம்தான் வந்தது. அவர் குனிந்தபோது அது பானட்டில் படுத்தது. கை போன பக்கமெல்லாம் அதுவும் போனது. நேர்கோட்டில்தான் போனது, வட்டம் போடவில்லை. அந்த விஷயத்தில் பதினேழு பக்கத்தையும் அது அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது.

 யாதகிரி மரியாதையாகக் கூரையைப் பார்த்தார். "ஹவ் சார், ரூட் காஸ் கெடச்சிடுச்சு" என்றார் கோவிந்தராஜன்.

புருஷோத்தமனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது கீறல்களை அவர் பார்க்கக்கூட இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷனுடைய பிழைப்பில் கை வைக்கப் பார்த்தோமே என்றுதான் இருந்தது. "சாரி, யாதகிரி" என்றார்.  ரோகிணியைப் பார்க்கத் தைரியம் வராமல் துணியை மடித்தார். மடித்ததையே திரும்ப மடித்தார்.

ரோகிணி கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"இல்ல கண்ணு, கதவுப் பக்கம் இன்னும் ஈரம்..."

"ஏனுங்க, நாளைக்குக் காத்தால ஒம்போது மணிக்கு டெஸ்ட்டு. ஆறு மாசமா நான் கீறிப்போடுவேன், கீறிப்போடுவேன்னு சொல்லியே பூட்டி வெச்சீங்க. பூட்டி வெச்சுப்போட்டு நீங்களே கீறியிருக்கறீங்க. இனி நான் ஒண்ணு கீறுனா என்னுங்க ஆயிப்போகும்? வேலை போச்சுன்னா எனக்கு யாருங்க பாலிஷ் போட்டுக் குடுப்பாங்க?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. அவர் மடித்த துணியைக் கீழே வைத்தார். சாவியைக் கொடுத்தார். கழுத்து நாடாவைக் கழற்றி அரை டிராயர் பையில் போட்டுக்கொண்டு, முன்னால் ஓடிப் போய்க் கேட்டைத் திறந்துவிட்டதும் அவர்தான்.

பின் தெருவில் செங்கல் வைத்து மூன்று மணி நேரம் ரிவர்ஸ் பழகினாள். அவர் பின்னாலேயே ஓடி, ஏரோப்ளேனை இறக்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்தினார். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்ட பிறகுதான் கார் நேராகப் போக ஆரம்பித்தது. இரண்டு செங்கல் உடைந்தது, பம்பரில் சின்னதாக ஒரு நசுங்கல். புருஷோத்தமன் அதைப் பார்த்தார், மூன்றாவது செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தார். திங்கட்கிழமை அவள் பாஸ். புதன்கிழமை வேலையில் சேர்ந்தாள். ஆடி மழையில் ஷங்கர்பள்ளி சாலைச் சேறு முழுவதையும் கதவில் ஏற்றிக்கொண்டு மாலையில் கார் திரும்பி வந்தது. புருஷோத்தமன் கம்பெனி பஸ்ஸில் போனார். அதில் ஏசி இருக்கிறது என்ற விஷயம் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஆசை விடாமல் புருஷோத்தமன் வாளியோடு செல்லாருக்கு இறங்கினார். அங்கே ரோகிணி இருந்தாள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்து, தாலிக்கொடியை உள்ளே விட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழாக, நேர்கோட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடிநீர்க் கேன். சுருள் பைண்டிங் புத்தகம் ஒன்பதாம் பக்கம் திறந்திருந்தது. அவர் ஆசையாகத் துணிக்குக் கை நீட்டினார்.

"அக்கட்ட நில்லுங்க" என்றாள் ரோகிணி, தலையைத் திருப்பாமல். "சட்டையில பட்டன் இருக்குது."

பாவம், தொற்றிக்கொண்டுவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், உங்களிடம் காரே இல்லை, உங்களுக்கு என்ன வந்தது? ஆனால் இந்த நோய்க்குக் கார்தான் வேண்டும் என்பதில்லை. மூன்று வருஷமாக ஷோகேஸை விட்டு இறங்காத கண்ணாடிக் கோப்பைகளே போதும். இருந்தாலும் உங்களைச் சந்தேகிக்கிற உத்தேசம் எனக்குத் துளியும் கிடையாது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். சோபாவை விட்டு எழுந்து, உங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு வாங்கின அன்றைக்குப் போட்ட பாலித்தீன் உறையைக் கழற்றி வீசிவிட்டு, வந்து உட்கார்ந்து மிச்சத்தைச் சிரியுங்கள். என்ன, மனசு வரவில்லையா?