பெட்டிக்குள் இருந்த செம்பு வால்

தாராவி, பம்பாய்
1967, ஆடி மாதம், செவ்வாய்

சிரஞ்சீவி தம்பி வானமாமலைக்கு, அக்காள் சண்முகவடிவு எழுதிக்கொள்வது. முத்தாரம்மன் புண்ணியத்தில் இங்கு பிரிஜ் பெட்டி ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம். அங்கும் எல்லோரும் சுகமாயிருக்க விளக்கேற்றி வருகிறேன்.

உன் அத்தானுக்குத் தினமும் போடும் சர்க்கரை ஊசி மருந்து வெக்கையில் கெட்டுவிடக் கூடாதென்று, கொலாபாவில் ஒரு பார்சிக் கிழவி காலமான வீட்டிலிருந்து அந்தப் பழைய பெட்டியை வாங்கினோம் அல்லவா, ஆடி முதல் வெள்ளியன்று அதைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைக்கும்போது பார்த்தால், உள்ளே ஐஸ் அறையின் ஓரத்தில் மெல்லிய செம்புக் கம்பி ஒன்று வால் மாதிரிச் சுருண்டு, நுனி மொட்டுப்போலத் தடித்து, யாரோ கிளிப்புப் போட்டு ஒளித்து வைத்ததுபோல் இருந்தது. பக்கத்து அறை மாடத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, செம்புல செஞ்சு ஒளிச்சு வச்சிருக்குன்னா வேற என்னவா இருக்கும்? செய்வினைல்லா. அறுத்து எறிஞ்சிராதீய, அண்ணாச்சிக்கு ஆவாது. கட்டிப் போடுங்க" என்றாள். நானும் அதைக் கதவிடுக்கு வழியாக வெளியே இழுத்து, மஞ்சள் துணியில் வேப்பிலையும் திருநீறும் வைத்துச் சுற்றி, பக்கத்திலேயே அணையாவிளக்கும் வைத்தேன்.

கட்டுப்போட்டதும் பெட்டிக்குக் கோபம் வந்துவிட்டது தம்பி. முன்பெல்லாம் கொஞ்ச நேரம் முனகும், கொஞ்ச நேரம் ஓயும். இப்போது ஓய்வதே இல்லை. பால் கல்லாகிவிட்டது, இட்லி மாவைச் சுத்தியலால் தட்டி எடுக்கிறேன், அம்மனுக்கு வைத்திருந்த மல்லிகைச் சரம் கண்ணாடி வளையல் மாதிரி ஒடிந்தது. முனகல் அந்தப் பார்சிக் கிழவி பேசிய குஜராத்தியில் இருக்கிறதென்கிறாள் மாடத்தி. அவளுக்குக் குஜராத்தி தெரியாது, ஆனாலும் எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. உன் அத்தானிடம் சொன்னால், "ஏட்டி, குளுரத்துக்குத்தான வாங்குனோம், குளுருதுன்னு அழுதா எப்படி?" என்றார். நேற்று அவருடைய மருந்துப் புட்டியே உறைந்து கீறல் விட்டது. உறைந்த மருந்தைப் போட்டால் பலிக்காது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன பிறகு அவரும் சிரிக்கவில்லை. புதுப் புட்டியை ஈரமணல் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், இந்த வெக்கைக்கு அது எத்தனை நாள் தாங்கும். கிழவிக்கும் சர்க்கரை வியாதிதானாம், வாங்கும்போது அவள் வேலைக்காரி சொன்னாள். தன் மருந்து இருந்த இடத்தில் இன்னொருவர் மருந்தை அவள் விடமாட்டாள் போலிருக்கிறது.

ஆகையால் பேயோட்டும் நம் ஊர்க் கோடாங்கியை உடனே ரயிலேற்றி விடவும். வண்டியில் உடுக்கை அடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பவும். அம்மன் உங்கள் எல்லோரையும் குளிராமல் சுடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்காள் சண்முகவடிவு

பின்குறிப்பு: கோடாங்கி வேண்டாம். உறை ஒட்டுவதற்குள் உன் அத்தான் ரிப்பேர்க்காரர் ஷாகுல் ஹமீதைக் கூட்டிவந்துவிட்டார். என் மூட்டையைப் பார்த்ததும் அவர், "அக்கா, இந்த நுனிதான் உள்ள எவ்வளவு குளிருன்னு மிஷினுக்குச் சொல்லுது. இதக் கொண்டுபோயி வெளக்குப் பக்கத்துல கட்டிவச்சா, உள்ள வெயிலடிக்குன்னு நெனச்சு ஓடிக்கிட்டேதான் கெடக்கும்" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மாடத்தி மெல்ல நழுவினாள். சிரித்துக்கொண்டே துணியை அவிழ்த்து நுனியைத் தொட்டவர், கையை உதறினார். இத்தனை நாள் விளக்கருகே இருந்த அந்த மொட்டின்மேல் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. "இது இவ்வளவு குளுந்திருந்தா மிஷின் அன்னைக்கே நின்னுருக்கணுமே" என்று மெதுவாகச் சொன்னார். அதை உள்ளே மாட்டவும் இல்லை, கூலி வாங்கவும் இல்லை, போய்விட்டார். மருந்து மணலிலேயே இருக்கிறது. கோடாங்கிக்குக் குஜராத்தி தெரியுமா என்று விசாரித்து, தெரிந்தால் உடனே அனுப்பவும்.