நல்ல சாக்கடை தேடிய ஐயா

சாக்கடையைக் கண்டால் முகம் மலர்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே மருந்தையாவாக வந்து சேர்ந்தார். மதராஸ்காரர். அங்கே ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை பழகியவராம். சாக்கடையை நாங்கள் கான் என்போம். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் கானில் குனிந்து போத்தலில் தண்ணீர் மொண்டுகொண்டே இருந்ததால் அவருக்குக் கான் ஐயா என்று பெயர் விழுந்தது.

காலமோ பிரஜாவுரிமைக் காலம். தோட்டத் தமிழரில் யாரை இங்கேயே வைத்துக்கொள்வது, யாரை இந்தியாவுக்கு ஏற்றுவது என்று மேலே பேச்சு நடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மனுஷன் போத்தலை நிரப்பி, எந்த லயம், எந்தக் காம்பரா, அதாவது எந்த அறை, என்று சீட்டும் ஒட்டினால் சும்மா இருப்போமா? கடைக்கார முஸ்லிம் நானா வேறு கொளுத்திப் போட்டார்.

"எங்க ஆளுக நோன்புக்குக் காய்ச்சி உறைய வைக்கத்தான் கடப்பாசி வாங்குவாங்க. இந்த ஐயா மாசாமாசம் வாங்குறாரே, என்னத்துக்கு?"

நான் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவன். எதையும் லேசில் நம்பமாட்டேன். "அழுக்கு லயத்தத்தான் மொதல்ல கப்பலேத்துவானுக!" என்று கண்டுபிடித்துச் சொன்னவனே நான்தான். அவ்வளவுதான், ஐயா தலை தெரிந்தாலே பெண்கள் கானைத் தேய்த்துக் கழுவி, பீலிக் குழாயில் பிடித்த நல்ல தண்ணீரை ஊற்றிவிடுவார்கள்.

ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்ப்பா, இந்தத் தோட்டத்துல ஒரு நல்ல சாக்கடைகூட இல்லையா?"

"எங்க கான் எப்பவும் இப்படித்தாங்க. வேணும்னா குடிச்சுப் பாருங்க!" என்றேன் விறைப்பாக.

மழையோடு ரத்தபேதி வந்தது. என் கைக்குழந்தை ராசாத்தி துவண்டுபோனாள். கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. நானும் என் மனைவி காமாட்சியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"இந்தக் கிருமியையே அழிக்கிற இன்னொரு கிருமி இருக்கும்மா. சீக்கு உள்ள லயத்துச் சாக்கடையிலதான் அது பெருகும்" என்றார் ஐயா. "கடப்பாசியில சீக்குக் கிருமிய வளத்து வச்சுக் காத்துக் கெடக்கேன். நீங்க குடுக்குற தண்ணியில சந்தனந்தான் கரைக்கலாம்!"

காமாட்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நிக்கிறீங்களே! போயி அள்ளிட்டு வாங்க!"

இருக்கிறதிலேயே மோசமானதாகப் பார்த்து அள்ளி வந்தேன். ஐயா முகர்ந்து பார்த்து, "அடடா, அருமை!" என்றார். மறுநாள் கண்ணாடித் தட்டைக் காட்டினார். கடப்பாசிமேல் படர்ந்திருந்த கிருமியில், பூச்சி அரித்த கொழுந்துபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அந்த ஓட்டை போட்ட கிருமியை இன்னும் பெருக்கி, பீங்கான் குழாயில் வடித்து, கிளாசில் கொண்டுவந்தார். எனக்கா சந்தேகம் போகும்?

"மொதல்ல நீங்க குடிங்க."

தோட்டத்து உத்தியோகத்தர்கள் எங்கள் லயத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத காலம் அது. அவர் மடக்கென்று குடித்தார். "உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார்.

ராசாத்தி பிழைத்தாள். மருந்தாலா, காமாட்சி விடாமல் ஊட்டிய கஞ்சித் தண்ணீராலா என்று கேட்டேன். "ஒரு புள்ளைய வச்சுச் சொல்லிட முடியாதுப்பா" என்று அவரே சந்தேகப்பட்டார். ஆனால் லயத்து ஆட்கள் விடுவார்களா? "எங்க கானப் பாருங்கய்யா, எப்பிடி நாறுது!" என்று போட்டி போட்டு இழுத்தார்கள்.

எங்களைக் கப்பலேற்ற வந்தவர் என்றோமே, விசா முடிந்து கப்பலேறப் போனது அவர்தான். கொட்டகலை ஸ்டேஷனில் காமாட்சி துணி சுற்றிய போத்தலொன்றை நீட்டினாள்.

"நம்ம கான் தண்ணிங்கய்யா. அங்கிட்டு இவ்வளவு நல்லதா கெடைக்குமோ என்னமோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயா வழக்கம்போல் பையிலிருந்து சீட்டை எடுத்தார். நான் காம்பரா நம்பரைச் சொன்னேன். அவர் அதை எழுதவில்லை. 'ராசாத்தி வீடு' என்று எழுதி ஒட்டிக்கொண்டு ரயிலேறினார்.